லாரி வந்தால் கதையில் சண்டை வரும்

அந்த டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: எதிரே லாரி வந்தால் கதையில் சண்டை வரும். லாரி கடந்து போனதும் சண்டை ஓய்ந்துவிடும். ரவுண்டானா வந்தால் யாரோ யாருக்கோ துரோகம் செய்வார்கள். மேடு வந்தால் காதலர்கள் பிரிவார்கள். அகலமான, ஆளில்லாத சாலை கிடைத்தால் மட்டும் கை கோத்துக்கொள்வார்கள்.

கதை சொல்கிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர். தடித்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வாசலில் வந்து நின்றால் வரி பாக்கி கேட்க வந்தவரோ என்று தோன்றும். வாயைத் திறந்தால் இளவரசன், டிராகன், நிலா வெளிச்சத்தில் முதல் முத்தம். முத்தம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். ஊரில் அவருக்குக் கதை மாஸ்டர் என்றே பெயர்.

அவர் படித்தது ஒரே வகைதான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிற காதல் நாவல்கள், மாயாஜால நாவல்கள். இரண்டும் கலந்திருந்தால் இன்னும் விசேஷம். அட்டையில் வாள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலா இருக்க வேண்டும். இரண்டும் இருந்துவிட்டால் விலையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்.

"வயசுக்கு ஏத்ததைப் படிங்களேன்" என்பாள் மனைவி.

"என் வயசுக்காரன் கதையில என்ன வரும்? மூட்டு வலி வரும், சொத்துத் தகராறு வரும். அதுதான் வீட்டுலயே இருக்கே."

இந்தப் பழக்கம் வந்தது ஒரு மாணவியால். கல்லூரியில் படிக்கும் பெண், டெஸ்டில் தோற்றுப்போய் அழுதபடி இறங்கிப் போனாள். பின் சீட்டில் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டாள். அடுத்த ஆளின் டெஸ்ட் முடியும்வரை மாஸ்டருக்கு வேலை இல்லை. பொழுது போகட்டும் என்று பிரித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"அம்மா, உங்க புத்தகம் பத்திரமா என்கிட்ட இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தப் படகுக்காரப் பொண்ணு தண்ணியில விழுந்தாளே, செத்துட்டாளா? நிஜமாவே?"

"ரெண்டாம் பாகம் படிங்க சார்."

"இருக்கா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு அவருடைய சிபாரிசில் இருந்து யாரும் தப்பவில்லை. டயர் கடைக்காரரும் மனைவியும் மகளுமாக மூன்று பேர் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போட்டார்கள். பல் டாக்டரிடம் மாஸ்டர், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே ஒரு கதையைப் பாதிவரை சொன்னார். டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னார்.

'நல்லா இருக்கும், படிங்க' என்று அவர் சிபாரிசு செய்ததே இல்லை. அதெல்லாம் துணிக்கடைக்காரன் பேச்சு என்பார். அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"ஒரு இளவரசன். அவன் பொய் சொல்லும்போதெல்லாம் உடம்புல ஒரு பாகம் உப்பா மாறிடுது. இடது கை ஏற்கெனவே போச்சு. இப்ப அவனுக்கு ஒரு படகுக்காரப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. நிஜமா பிடிச்சிருக்கா, பிடிச்ச மாதிரி இருக்கான்னு அவனுக்கே தெரியல. வாயைத் திறந்து சொன்னாத்தான் தெரியும். நிஜம்னா தப்பிச்சான். இல்லைன்னா நெஞ்சே உப்பு. நீங்களா இருந்தா சொல்வீங்களா?"

அதோடு நிறுத்திவிடுவார். கேட்டவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு எல்லோரும் கேட்கிற ஒன்றைக் கேட்பார்: "அப்புறம்?"

"அப்புறமா? புத்தகம் இருக்கு."

முடிவை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. காலில் விழுந்து கேட்டாலும் கிடைக்காது.

அவருடைய சிபாரிசு செல்லாத இடம் இரண்டுதான். ஒன்று, டெஸ்ட் எடுக்கும் அதிகாரி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம் அவருக்கு. மாஸ்டர் டெஸ்டுக்கு ஆள் கூட்டிப் போகும்போதெல்லாம் கையில் ஒரு புத்தகத்தோடு போவார். "சார், இது உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு." அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "நான் டூட்டில இருக்கேன்." மாஸ்டர் கொஞ்சமும் முகம் வாடாமல் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அடுத்த தடவை வேறு புத்தகம் கொண்டு போவார்.

இன்னொன்று, அவருடைய ஒரே மகள்.

மகள் கார்களின் பிரேக்கைச் சோதிக்கும் இன்ஜினியர். சின்ன வயதிலேயே எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிற ரகம். அவளிடம் உப்பு இளவரசனின் கதையைச் சொன்னபோது, "உப்புக் கை எப்படிப்பா வளையும்?" என்று கேட்டாள்.

"வளையாது பாப்பா. அதான் கதையே."

"வளையாத கையால எப்படிக் குதிரை ஓட்டறான்?"

மாஸ்டர் வாயடைத்துப் போன ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று அம்மா சொல்வாள். ஆனாலும் விடவில்லை. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபின், அவள் வந்து திரும்பும்போதெல்லாம் பெட்டிக்குள் துணிக்கு நடுவே ஒரு புத்தகம் இருக்கும். அடுத்த முறை அதை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள்.

"படிச்சியா?"

"டைம் இல்லப்பா."

"இருக்கட்டும். புத்தகம்தானே, ஊசிப் போயிடுமா என்ன?"

இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு சங்கதியும் இருந்தது. பள்ளி முடித்த கையோடு மகளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பும்போது அவர் அதை மிதித்தார். தெருமுனையில் ஒரு மிதி. சைக்கிள் தெரிந்தால் ஒரு மிதி. நாய் திரும்பிப் பார்த்தால் ஒரு மிதி. நடுவில், "கதை சொல்லட்டுமா பாப்பா?" என்று கேட்டார்.

"வேணாம்பா. கிளட்ச்சை எப்ப விடணும்னு மட்டும் சொல்லுங்க."

அந்த வாரக் கடைசியில் அவர் எதுவும் பேசாமல் அவளை அடுத்த தெரு ஸ்கூலில் சேர்த்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற மனுஷன் பெற்ற பெண்ணைப் போட்டிக்காரனிடம் அனுப்பினார். தன்னிடம் மட்டும் அவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மாஸ்டர் ஒரு காலை நேரத்தில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். இதயம். மகள் வந்து சேர்ந்தபோது வாஷ்பேசினில் பிரஷ் கிடந்தது. அதை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தை அவள் தொழிலில் இரண்டாகப் பிரிப்பார்கள். கண் ஆபத்தைப் பார்த்து, கால் பெடலைத் தொடும்வரை வண்டி ஓடுகிற தூரம் ஒன்று. தொட்டபின் ஓடி நிற்கிற தூரம் இன்னொன்று. முதல் பகுதியில் வேகம் கொஞ்சம்கூடக் குறையாது. அந்த வாரம் அவள் அந்த முதல் பகுதியில் இருந்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். மிச்சமிருந்த மாத்திரைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினாள். அழவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களின் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு நர்ஸ் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், வேலை முடிந்து நேராக வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"கேக்கவே வாய் வரல. வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட். சார்தான் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு."

"வேற ஸ்கூல்ல கேட்டீங்களா அக்கா?" என்றாள் மகள்.

"கேட்டேன். அவ்வளவு சீக்கிரம் ஆள் இல்லைங்கறாங்க. எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கும்மா. வீடு வீடா போய் படுக்கையில கிடக்கறவங்களைப் பார்க்கற வேலை. கார் அவங்களே குடுத்துடுவாங்க. ஆனா லைசென்ஸோட திங்கக்கிழமை வந்து நிக்கணும். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். ஆஸ்பத்திரியில நின்னு நின்னு என் காலு ரெண்டும் போச்சு. இதையும் விட்டா இன்னொண்ணு வராது."

"எதுல கஷ்டம் உங்களுக்கு?"

"மேடு. மேட்டுல நிறுத்தி எடுக்கணும்ல? பின்னாடி உருண்டுடுமோன்னு உயிரே போயிடும். போன தடவை அதுலதான் தோத்தேன்."

மகள் ஏதோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். அம்மா குறுக்கே வந்தாள்.

"நீதான் லீவுல இருக்கியே. கூட்டிட்டுப் போ. குழாயெல்லாம் ரிப்பேர் பண்ணி முடிச்சாச்சு, இனிமே கதவைக் கழட்டப் போறியா?"

மறுநாள் காலை மாஸ்டர் சீட்டில் மகள் உட்கார்ந்தாள். சீட்டின் பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. நர்ஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

தெருமுனை. மகளின் கால் பிரேக்கை மிதித்தது. அவள் மிதிக்க நினைக்கவில்லை, கால் தானாகப் போனது. சைக்கிள், மிதி. வேன், மிதி. மேட்டின் நடுவில் நிறுத்தி, நர்ஸ் கிளட்ச்சை விடத் தொடங்குவதற்குள் மிதி. வண்டி திக்கித் திணறி அணைந்தது. பின்னால் நின்றவன் ஹாரனை அழுத்தி, கையை எடுக்கவே இல்லை.

நர்ஸ் ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க மிதிக்க மிதிக்க எனக்கு இருக்கற கொஞ்ச தைரியமும் போகுது. நான் ஓட்டறேனா நீங்க ஓட்டறீங்களான்னே புரியல."

"ஸாரி அக்கா. அப்பா எப்படிப் பண்ணுவார்?"

"சார் ஒருநாள்கூட மிதிச்சதில்ல."

"அவரா? எனக்கு மிதிச்சு மிதிச்சுத்தான் என்னை வேற ஸ்கூலுக்கு அனுப்பினார்."

"சத்தியமா இல்லம்மா. அந்த மனுஷன் கதை சொல்லுவார், அவ்வளவுதான். கதை சூடு பிடிச்சா காலைத் தரையில ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். எவ்வளவு ரசிச்சுப் படிச்சிருக்கார் பாருன்னு நான் நெனைச்சுக்குவேன்." நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உப்பு இளவரசன் வாயைத் திறந்தான். அதோட ரெண்டாம் பாகம் முடிஞ்சிடுச்சு. அடுத்த கிளாஸ்ல சொல்றேன்னுட்டுப் போனவர்தான்."

காரை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபின் மகள் இறங்கவில்லை. நர்ஸ் போன பிறகு, மாஸ்டர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து, தரையில் மண்டியிட்டு, போனில் இருந்த விளக்கைப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய வேலையே தேய்மானத்தைப் படிப்பதுதான். ஒரு பெடலைப் பார்த்தால் அதை மிதித்தவன் அவசரக்காரனா நிதானமானவனா என்று சொல்லிவிடுவாள்.

மாஸ்டர் பக்கத்து பிரேக் பெடலின் ரப்பரில் வரிகள் நேற்று வார்த்தது போல் கூர்மையாக இருந்தன. அவளை வேறு ஸ்கூலில் சேர்த்த பிறகு வாங்கிய கார்தான் இது, ஆனாலும் இவ்வளவு வருடம் ஓடிய காரில் அப்படி இருக்கக் கூடாது. அவளுக்கு முன் அந்தப் பெடலை யாரும் தொடவில்லை.

அதற்கு நான்கு விரல் தள்ளி, தரைவிரிப்பில் ஓர் ஓட்டை.

விரிப்பு தேய்ந்து, அடியில் இருந்த ரப்பர் தேய்ந்து, அதற்கும் கீழே பெயின்ட் போய்த் தகடு பளபளத்தது. ஷூவின் முன்பாதி வடிவம். சும்மா கால் வைத்துக்கொண்டிருந்தால் இப்படித் தேயாது. ஓங்கி ஓங்கி, நாள் தவறாமல், ஒரே இடத்தில் மிதித்தால் தேயும். ஒவ்வொரு லாரிக்கும். ஒவ்வொரு மேட்டுக்கும். பெடலுக்குப் பக்கத்தில், பெடலைத் தொடாமல்.

அவள் அந்த ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தாள். தகடு சில்லென்று இருந்தது. அந்த வாரம் முழுக்க வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தவளுக்குக் கால் அப்போதுதான் பெடலைத் தொட்டது. அவள் அழுது முடிக்கும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள். கிட்டே வரவில்லை.

"அவருக்குப் பயமாம்மா?"

"பயமாவா? ஆரம்பத்துல சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அந்தக் கால் மட்டும் வீங்கியிருக்கும். மிதிச்சு மிதிச்சு ஒருத்தனும் கத்துக்கல. எல்லாம் வேற ஸ்கூலுக்கு ஓடினாங்க. அப்புறம்தான் அந்தப் பொண்ணு புத்தகத்தை விட்டுட்டுப் போனது. வாய் ஓடினா கால் அடங்குதுன்னு கண்டுபிடிச்சார். கதையில பதினாறு வயசுப் பொண்ணு கையில ஒரு டிராகனையே குடுத்துடறாங்க, யாராவது பக்கத்துல உக்காந்து பிரேக் போட்டாங்களா, நான் ஒரு சின்ன காரைக் குடுக்கப் பயப்படறேனேம்பார். அப்படியே பிடிச்சுப் போச்சு அவருக்கு."

"எனக்கு மட்டும் ஏன்..."

"நீதான் கதை வேணாம்னுட்டியே. வாயைக் கட்டிட்டா கால் என்ன பண்ணும்? அதுவும் பெத்த பொண்ணு. ராத்திரி என்கிட்ட சொன்னார், அவ நல்லாத்தான் ஓட்டறா, நான்தான் கெடுக்கறேன், வேற இடத்துல சேர்த்துடறேன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எனக்குப் பயம்னு எந்த மாஸ்டர்டி சொல்லுவார்? முகத்தைக் கழுவிட்டு வா."

முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவள் அலமாரியைத் திறந்தாள். உப்பு இளவரசன், மூன்று பாகங்கள். அட்டையில் வாளும் இருந்தது, நிலாவும் இருந்தது.

முதல் அத்தியாயத்தை ஒரு வரைபடத்தைச் சரிபார்ப்பது போலப் படித்தாள். உப்பு மழையில் கரையுமே, இவன் குடை இல்லாமல் போகிறானே என்று நினைத்தாள். அடுத்த பக்கத்திலேயே மழை வந்தது. இளவரசன் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினான். எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உப்புக் கையால் எப்படிக் குதிரை ஓட்டுகிறான் என்பதும் வந்தது. ஓட்டவில்லை, கடிவாளத்தைப் படகுக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருகிறான். அவள் குதிரையைக் கண்டபடி ஓட்டுகிறாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வானத்தில் இருக்கும் நட்சத்திரங்களைப் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டே வருகிறான்.

அந்தப் பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். "இதோ" என்றாள். மறுபடி கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன்."

"அப்பனுக்குப் பொண்ணு தப்பாமத்தான் பொறந்திருக்கு" என்று அம்மா தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "ஆனா கொஞ்சம் லேட்டு."

மறுநாள் காரில் அவள் கதையை ஆரம்பித்தாள்.

"மூணாம் பாகம். இடம், துறைமுகம். இளவரசன் பேச முயற்சி பண்றான். அப்போ எதிரிக் கப்பல் வருது. அதனால பேச்சு தள்ளிப் போகுது. கப்பல் மொத்தம்..."

"ஏம்மா, இது கதையா, ரிப்போர்ட்டா? சார் சொன்னா உப்புக் காத்து மூஞ்சியில அடிக்கும்."

"எனக்குச் சொல்லி வழக்கம் இல்லக்கா."

"எனக்கு ஓட்டி வழக்கம் இல்ல. நான் ஓட்டலயா? சொல்லுங்க."

சிரித்தபடியே சொன்னதால் நர்ஸின் விரல்கள் கொஞ்சம் இளகியிருந்ததை மகள் கவனித்தாள். மேடு வந்தது. பாதி மேட்டில் சிவப்பு விளக்கு. கண்ணாடியில் ஒரு லாரி தெரிந்தது. பின்னாலேயே வந்து, முட்டிவிடுவது போல நின்றது. மகளின் கால் எழும்பியது.

"அப்போ பாருங்க," என்றாள் சத்தமாக, "அவ படகை எடுத்துட்டா! அந்தப் பொண்ணு! ஒத்தை ஆளா! இவன் கரையில நின்னு கத்தறான், போகாதேன்னு கத்தினா அது பொய்யாயிடும், ஏன்னா அவ போகணும்னுதான் அவன் மனசுல இருக்கு, அவளால முடியும்னு அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தா உப்பு. என்ன பண்ணுவான்? சொல்லுங்கக்கா, என்ன பண்ணுவான்?"

விளக்கு பச்சையானது. அவள் கால் ஓங்கி மிதித்தது. ஓட்டைக்குள், தகட்டின் மேல்.

கார் ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. மெல்ல முன்னால் நகர்ந்து, மேட்டின் உச்சியில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

"என்ன பண்ணினான்?" என்றார் நர்ஸ்.

"நீங்க மேடு ஏறிட்டீங்க."

"அது கிடக்கட்டும். அவன் என்ன பண்ணினான்?"

வியாழக்கிழமை டெஸ்ட். மாஸ்டர் சீட்டில் அதிகாரி ஏறிக்கொண்டார். மகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். கார் போனது, திரும்பியது, பின்னால் வந்து கோட்டுக்குள் ஒழுங்காக நின்றது. பிறகு மேடு. பாதியில் நிறுத்தினார்கள். பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் எரிவதாகத் தோன்றியது. விளக்கு அணைந்தபோது கார் பின்பக்கமாக ஒரு நூலளவு அசைந்தது.

மகள் மண் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றார்.

கார் மேலே ஏறியது.

நர்ஸ் இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். "பாஸ்ம்மா! திங்கக்கிழமை போய் நிப்பேன். அவங்க குடுக்கற காரை நானே ஓட்டிட்டுப் போவேன்!" பிறகு தண்ணீர் குடிக்கப் போனார்.

அதிகாரி மெதுவாக வந்தார். அதே முகம்.

"மாஸ்டர் இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சார்."

"மேட்டுல நிக்கும்போது அந்தம்மா, 'சொல்லுடா, சொல்லித் தொலைடா'ன்னு முணுமுணுத்தாங்க. என்னைத்தான் திட்டறாங்களோன்னு நெனைச்சேன். யாரை?"

மகள் அவரைப் பார்த்தாள். பையில் முதல் பாகம் இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டெஸ்டுக்கு வரும்போது புத்தகம் எடுத்து வருவது அந்தக் காரின் வழக்கம்.

"ஒரு இளவரசன் சார். அவன் பொய் சொல்லும்போதெல்லாம் உடம்புல ஒரு பாகம் உப்பா மாறிடும். இடது கை ஏற்கெனவே போச்சு. அவனுக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு, ஆனா அது நிஜமான்னு சொன்னாத்தான் தெரியும். நிஜமில்லைன்னா நெஞ்சு உப்பாயிடும். நீங்களா இருந்தா சொல்வீங்களா?"

அதிகாரி கையிலிருந்த பேனாவை மூடினார். திறந்தார். மைதானத்தைப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறமா? புத்தகம் இருக்கு சார்."

"நான் டூட்டில இருக்கேன்" என்றார். நான்கு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "அஞ்சு மணிக்கு முடியும். ஆபீஸ் பெஞ்சுல வெச்சுட்டுப் போங்க. கண்ணுல படற மாதிரி வேண்டாம்."

திரும்பும்போது நர்ஸ் ஓட்டினார். மடியில் மூன்றாம் பாகம் இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"முடிவை மட்டும் சொல்லிடுங்கம்மா. பாஸ் பண்ணினதுக்குப் பரிசா."

"மாட்டேன். படிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா. நான் மெஷின் படிச்சவ, நடக்காததை நம்பறவ இல்ல. கடைசி அத்தியாயத்தை எழுந்து நின்னு படிச்சேன்."

வீட்டுக்குப் போகும் வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. பாரம் ஏற்றிய, பாதையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு வருகிற லாரி. நர்ஸ் நிதானமாக ஓரம் கட்டினார்.

"அக்கா, மேகம் திருடி விக்கற பொண்ணு கதை தெரியுமா?" என்றாள் மகள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "அவளைப் பிடிக்க வர்ற போலீஸ்காரன் அவகூடப் படிச்சவன். அவன் வாளை உருவறான்..."

"நான்தான் பாஸ் பண்ணிட்டேனேம்மா. இனிமே எனக்கு எதுக்குக் கதை?"

"உங்களுக்கில்லக்கா" என்றாள் மகள். கால் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. "நீங்க ஓட்டுங்க."